பெயர் பெறாத புண்

நோயின் தன்மையை அறிந்து, அந்நோய் தோன்றிய காரணத்தை அறிந்து, அதன் பின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாட வேண்டும் என்று 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்துக் காட்டிய நெறியை ஒவ்வோராண்டும் வகுப்பறையில் விளக்கி வருகிறேன். ஆனால், அந்நெறியின் நடுப்பகுதியாகிய காரணத்தை நாடுதல் என்பதை நாம் எவ்வளவு எளிதாகக் கைவிட்டு விடுகிறோம் என்பதை எனக்கு உணர்த்தியது எந்த உரையாசிரியரின் உரையும் அன்று. ஓர் ஏழைப் பெண்மணியின் இரண்டு உள்ளங்கைகள்.

சென்னை அசோக் நகரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்துவரும் அப்பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கலாம். திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். மகன் கட்டட வேலைக்காகச் சென்னைக்கு வந்தபோது அவரும் உடன் வந்தார். ஒருநாள் காலை என் துணைவியார் கொடுத்த தேநீர்க் குவளையை அவர் விரல்களால் பற்றாமல், இரு மணிக்கட்டுகளுக்கும் இடையே அணைத்து வாங்கியதைக் கண்டேன். உள்ளங்கைகள் இரண்டும் கோடைக்கால ஏரியின் மண்ணைப் போல் வெடித்திருந்தன. விரலிடுக்குகளில் தோல் தடித்துக் கறுத்திருந்தது. சில இடங்களில் நீர் கசிந்து கொண்டிருந்தது.

"என்னம்மா இது?" என்று கேட்டேன்.

"சூட்டு உடம்புங்க சார். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார், அது ஒரு பொருட்டே இல்லை என்பது போல.

ஆண்டு முழுவதும் இப்படித்தானா, சில காலங்களில் மட்டுமா என்று வினவியபோது அவர் சொன்ன விடைதான் என்னைச் சிந்திக்க வைத்தது. "மாசியில ஊருக்குப் போயி அண்ணன் காட்டுல போயிலை வெட்டிட்டு வருவேனுங்க. வந்தா ரெண்டு மாசத்துக்கு இப்படித்தான். அப்புறம் கொஞ்சம் ஆறும்."

இதற்குமுன் மூன்று மருத்துவர்களிடம் அவர் கையைக் காட்டியிருக்கிறார். மூவரும் களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாராம். பாத்திரம் தேய்ப்பதாக இவர் சொல்ல, சோப்பை மாற்றுமாறு அவர் கூறியிருக்கிறார். சொன்னதில் தவறில்லை, சோப்பும் தண்ணீரும் வெடித்த தோலை மேலும் வெடிக்கச் செய்யும். ஆயினும், மாசி மாதத்தில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பதற்கு அங்கே நேரமில்லை. அது சொல்லத் தக்க செய்தி என்று இவருக்கும் தோன்றவில்லை. தாய்க்கும் மகளுக்கும் ஒரே நோய் என்றால் அது உடம்பு வாகு என்பதே ஊர் வழக்கு. அத்தாயும் இம்மகளும் ஒரே காட்டில் ஒரே இலையை வெட்டியவர்கள் என்பதை எவரும் கணக்கில் கொள்ளவில்லை.

அவருடைய புண்ணுக்குப் புகையிலைதான் காரணம் என்று தீர்ப்புக் கூற நான் மருத்துவன் அல்லன். அவ்வினா ஒருமுறைகூட முறையாகக் கேட்கப்படவில்லை என்பதே என் கவலை. அக்கவலையோடு இது பற்றிப் படித்தறிந்தவற்றையும், ஒரு தமிழாசிரியன் என்ற நிலையில் எனக்குத் தோன்றியவற்றையும் இம்மலரின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இலையும் தோலும்

தமிழ்நாட்டில் திண்டுக்கல், ஈரோடு மாவட்டங்களிலும் வேதாரணியம் பகுதியிலும் நெடுங்காலமாகப் புகையிலை பயிராகி வருகிறது. வேடசந்தூரில் 1948ஆம் ஆண்டிலேயே புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது என்பதே இப்பயிருக்கும் அம்மண்ணுக்கும் உள்ள உறவைக் காட்டும். நம் மாநிலத்தில் விளைவது பெரும்பாலும் மெல்லும் புகையிலை. மழைக்காலத்தில் நாற்று நடுகிறார்கள். செடி வளர்ந்து பூக்கும் தருவாயில் அதன் நுனியைக் கிள்ளி விடுகிறார்கள். அப்போதுதான் இலை தடித்து வளரும். நுனியைக் கிள்ளியதும் இலைக் கணுக்களில் பக்கத் தளிர்கள் முளைக்கும். முளைக்க முளைக்க அவற்றை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வேலை மார்கழி, தை மாதப் பனியில் நடைபெறுவது. பின்னர் மாசி, பங்குனியில் செடியை வெட்டி, வெயிலில் வாட்டி, பந்தலில் தொங்கவிட்டு, அடுக்கிவைத்து, புரட்டிப் புரட்டிப் பதப்படுத்துகிறார்கள். நடவு முதல் பதம் வரை இலையைத் தொடாத நாள் இல்லை. தொடுவது பெரும்பாலும் வெறுங்கை.

புகையிலையின் இலைமேல் நுண்ணிய மயிர்கள் உண்டு. அவற்றிலிருந்து பிசின் போன்ற பசை சுரக்கிறது. தளிர் ஒடிப்பவர்களின் விரல்களில் அப்பசை படிந்து, சிறிது நேரத்தில் கறுத்து விடுகிறது. வெறும் நீருக்கு அது போகாது. அழுத்தித் தேய்த்துக் கழுவினால் பசையோடு தோலின் இயற்கையான எண்ணெய்ப்பற்றும் போய்விடுகிறது. அதன்மேல் வெயிலும் வியர்வையும் உராய்வும் சேர்கின்றன. பயிருக்குத் தெளித்த பூச்சி மருந்தும் இட்ட உரமும் சேர்கின்றன. இவை ஒவ்வொன்றும் தோலை அரிக்க வல்லவை. ஒன்றாகக் கூடும்போது கேட்க வேண்டியதில்லை.

தொடுதலால் வரும் தோல் அழற்சியை மருத்துவர்கள் இருவகையாகப் பிரிக்கின்றனர். ஒரு பொருள் நேரடியாகத் தோலை அரித்துப் புண்ணாக்குவது ஒரு வகை. இது போதிய அளவு தொடுகின்ற யாருக்கும் வரலாம். உடம்பு ஒரு பொருளுக்கு ஒவ்வாமை கொண்டுவிட, பின்னர் அதைச் சிறிதளவு தீண்டினாலும் தோல் கிளர்ந்தெழுவது மற்றொரு வகை. இது சிலருக்கு மட்டும் வரும், வந்தால் எளிதில் விடாது. இவ்விரண்டில் எது என்று அறியாமல் களிம்பை மட்டும் மாற்றி மாற்றிப் பூசுவது, ஓட்டைப் பானையில் நீர் இறைப்பது போன்றதே. எதைத் தொட்டதால் வந்தது என்பதைக் கண்டு, அதைத் தொடாமல் இருக்கும் வழியைக் காண்பதே முதன்மையான மருத்துவம்.

பனி நீரில் கரையும் நஞ்சு

தோலுக்கு வரும் கேடு தோலோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் புகையிலையில் தனித்துக் கவனிக்க வேண்டிய செய்தி. பீடி, சிகரெட் புகைப்பவரின் நுரையீரல் வழியாகவும், மெல்பவரின் வாய் வழியாகவும் உட்செல்லும் நிகோட்டின், இலை பறிப்பவரின் தோல் வழியாகவும் உட்செல்கிறது. இலைமேல் பனியோ மழைநீரோ இருக்கும்போது நிகோட்டின் அந்நீரில் கரைகிறது. நனைந்த கையும் நனைந்த ஆடையும் அதை உடம்புக்குள் ஊட்டுகின்றன. ஈரமான ஒரு நாளில் வயலில் உழைப்பவர்மேல் படியும் பனிநீரில் ஏறத்தாழ 36 சிகரெட்டுகளில் உள்ள அளவு நிகோட்டின் கரைந்திருக்கக்கூடும் என்று அமெரிக்க வேளாண் நலத்துறையினர் கணக்கிட்டுள்ளனர். அது முழுவதும் உடம்பினுள் போவதில்லை. போகும் ஒரு பகுதியே ஒருவரைப் படுக்கையில் தள்ளப் போதுமானது.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, வெளிறிய முகம், வயிற்றுப் பிடிப்பு, தளர்ச்சி ஆகியவை அதன் அறிகுறிகள். வேலை செய்த சில மணி நேரத்தில் தோன்றி, ஓரிரு நாட்களில் தணியும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1970ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் இந்நோய் முதலில் விவரிக்கப்பட்டது. பச்சைப் புகையிலை நோய் என்ற பொருள்படும் பெயரும் பின்னர் அதற்கு வழங்கலாயிற்று. 1992ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்தில் இரண்டே மாதங்களில் 47 பேர் இந்நோயோடு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தது பதிவாகியுள்ளது. வடக்குக் கரோலினாவின் புலம்பெயர் உழவுத் தொழிலாளரிடையே நடைபெற்று 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, தோலில் புண்ணும் வெடிப்பும் உள்ளவர்களையே இந்நோய் மிகுதியாகப் பற்றுவதைக் காட்டியது. வெடித்த தோல் என்பது திறந்துகிடக்கும் கதவு. கைப்புண்ணை அற்பம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இவை அமெரிக்கச் செய்திகள்தாமே, நமக்கென்ன என்று எண்ண வேண்டா. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்வழி நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நம் நாட்டுப் புகையிலைத் தொழிலாளரிடையே செய்த ஆய்வுகளை 1979 முதலே வெளியிட்டுள்ளனர். தலைவலியும் தலைச்சுற்றலும் வாந்தியும் நம் தொழிலாளரிடமும் காணப்பட்டன. அவர்கள் 1991இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நம்பிக்கையூட்டுவது. கையுறையும் காலணியும் அணிந்து வேலை செய்தபோது தொழிலாளரின் சிறுநீரில் வெளியேறும் நிகோட்டினின் அளவு குறைந்தது. எளிய தடுப்பு பயன் தருகிறது என்பது நம் மண்ணிலேயே மெய்ப்பிக்கப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அச்செய்தி வேடசந்தூர்க் காட்டை இன்னும் எட்டவில்லை.

இதை அப்பெண்மணியிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "பனியில எலைக்குள்ள எறங்குனா தல சுத்தும், வாந்தி வரும். அது புதுசா வர்றவங்களுக்குத்தானுங்க. பழகிட்டா ஒண்ணும் பண்ணாது" என்றார். பழகிவிடும் என்பது ஓரளவு உண்மையே. உடம்பு நிகோட்டினுக்குப் பழகிக் கொள்கிறது. புகையிலையைப் பயன்படுத்துவோருக்கு இந்நோய் குறைவாகவே தோன்றுகிறது என்பதும் ஆய்வில் கண்டதே. ஆனால், நஞ்சுக்குப் பழகுவது நலமாகிவிடுமா? வாந்தி நின்றதை வைத்து, நஞ்சு உட்செல்வதும் நின்றதாக எண்ணிக் கொள்கிறார்கள்.

சொல்லின் கடமை

இத்தாலிய நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ரமசீனி என்பார் 1700ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு, அவருடைய தொழில் என்ன என்ற வினாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. புகையிலைத் தொழிலாளரைப் பற்றியும் அந்நூலில் அவர் எழுதியிருக்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஒரு வினா நம் மருத்துவமனைகளின் புறநோயாளர் சீட்டில் நிலையான இடம் பெறவில்லை.

மருத்துவர்களை மட்டும் குறை கூறுவது முறையாகாது. மொழியைக் கற்பிக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. தோல் நோய்க்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. சொறி, சிரங்கு, படை, கரப்பான், அக்கி, தேமல், வெடிப்பு என்று நோயின் தோற்றத்தை நுட்பமாக வேறுபடுத்தும் சொற்கள் நம்மிடம் உள்ளன. ஆயினும் இச்சொற்களுள் ஒன்றேனும் அந்நோய் எந்த வேலையால் வந்தது என்று கூறுகிறதா? குதிகால் வெடித்தால் பித்தவெடிப்பு என்கிறோம். அச்சொல் பழியை உடம்பின்மேல் போடுகிறது. ஆனால் நம் முன்னோர் சேற்றுப்புண் என்று ஒரு சொல்லையும் படைத்திருக்கிறார்கள். நாற்று நடுபவர்களின் கால்விரல் இடுக்கில் வரும் புண்ணுக்கு அவர்கள் சேற்றையே பெயராக வைத்தார்கள். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நோயும் புலப்படுகிறது, காரணமும் புலப்படுகிறது, காலைக் கழுவி உலர வைக்க வேண்டும் என்ற மருந்தும் புலப்படுகிறது. வள்ளுவர் கூறிய மூன்று படிகளும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. இத்தகைய சொல் ஒன்று புகையிலைக் காட்டுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் அப்பெண்மணி சூட்டு உடம்பு என்கிறார்.

புகையிலை நம் நாட்டுப் பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் வழியாக இங்கு வந்தது. எனினும் அதற்குப் பிறமொழிப் பெயரை இரவல் வாங்காமல், புகை, இலை என்னும் நம் சொற்களாலேயே பெயரிட்டுக் கொண்டோம். சீனிச் சர்க்கரைப் புலவர் அதைப் பழனி முருகனிடம் தூதாகவே அனுப்பிவிட்டார். அவருடைய 'புகையிலை விடு தூது' தமிழ் கற்றோர் அறிந்த சிற்றிலக்கியம். வந்த பயிருக்குப் பெயரிட்டோம், தூதும் பாடினோம். அப்பயிரைத் தொட்ட கையில் வந்த புண்ணுக்கு மட்டும் பெயரிட மறந்தோம். இலையைப் பாடிய நூலைக் காட்டுக என்றால் காட்டிவிடுவேன். இலை பறித்த கையைப் பாடிய நூலைக் காட்டுக என்று மாணவர் கேட்டால் நான் தடுமாறத்தான் வேண்டும்.

பெயரும் உரிமையும்

பெயர் வைப்பதனால் புண் ஆறிவிடுமா என்று கேட்கலாம். ஆறாது. ஆனால், பெயர் பெற்ற நோய்க்கே பட்டியலில் இடம் உண்டு; பட்டியலில் உள்ள நோய்க்கே உரிமை உண்டு. எங்கள் பகுதியில் அசோகத் தூணிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. 1948ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் பயனாக எழுந்த மருத்துவ அமைப்பைச் சேர்ந்தது அது. அச்சட்டம் தொழில்வழி நோய்களுக்கு ஓர் அட்டவணையை இணைத்தது. தொழிலால் வரும் தோல் நோய்களும் அதில் இடம்பெற்றன. அதே 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் இத்தகைய பட்டியல் ஒன்றைக் கொண்டிருந்தது. ஆலைத் தொழிலாளியின் கையில் வரும் புண்ணை அரசு அறிந்துகொண்டதற்கு இப்பட்டியல்களே சான்று. இச்சட்டங்கள் 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அடங்கி, அத்தொகுப்புகள் 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பெயர்கள் மாறினும், அண்ணன் காட்டில் தங்கை இலை வெட்டுவது எந்தத் தொழிற்சாலையின் கணக்கிலும் வருவதில்லை. ஒரே பசை, ஒரே நஞ்சு. கூரையும் பதிவேடும் உள்ள இடத்தில் பட்டால் அது தொழில்வழி நோய். வானமே கூரையான இடத்தில் பட்டால் அது சூட்டு உடம்பு.

பீடி சுற்றுவோரை எண்ணிப் பாருங்கள். நெல்லை மேலப்பாளையம் போன்ற ஊர்களில் நம் சமுதாயப் பெண்கள் ஏராளமானோர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றியே குடும்பத்தைக் காத்தவர்கள். அவர்களும் ஒரு காலத்தில் வீட்டில் இருக்கும் பெண்கள் என்றே கருதப்பட்டனர். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்று அழைத்தது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. அடையாள அட்டையும் மருந்தகமும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைத்தன. நலநிதிக்கான தீர்வை 2017இல் நீக்கப்பட்டது என்பது வேறு செய்தி. தொழிலாளி என்ற ஒரு சொல் கிடைத்த பிறகே அவ்வளவும் கிடைத்தன என்பதை நாம் மறக்கலாகாது. பீடிக்குள் இருக்கும் தூளைத் தொட்டவருக்குக் கிடைத்த அச்சொல், அத்தூளுக்கு மூலமான இலையைத் தொட்டவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

புகைப்பவருக்கு எச்சரிக்கை உண்டு. 2016 ஏப்ரல் முதல் சிகரெட், பீடிக் கட்டுகளின் முன்னும் பின்னும் 85 விழுக்காட்டு இடத்தை எச்சரிக்கைப் படம் நிறைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அசோக் நகரின் எந்தப் பெட்டிக்கடையிலும் அதைக் காணலாம். வாங்குபவருக்குக் கண்ணெதிரே இவ்வளவு பெரிய எச்சரிக்கை; விளைவிப்பவருக்கு ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. செடியின்மேல் படம் ஒட்ட முடியாதுதான். செடியைத் தொடுபவரிடம் வாய்ச்சொல்லாலேனும் சொல்லலாமே?

இரண்டு மறுப்புகள்

இக்கருத்தைப் பெரியவர் ஒருவரிடம் கூறியபோது அவர் வினவினார்: "புகையிலையே ஒழிய வேண்டிய பொருள். மார்க்க அறிஞர் பலரும் அதைக் கண்டிக்கிறார்கள். அதைப் பயிரிடுவோருக்கு வசதி செய்து கொடுப்பது அதை வளர்ப்பதாகாதா?" நியாயமான வினா. புகையிலை ஒழிய வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றது. அதன் 17ஆம் பிரிவு புகையிலை உழவருக்கு மாற்று வாழ்வாதாரம் தேடித் தரச் சொல்கிறது. அடுத்த 18ஆம் பிரிவு புகையிலைச் சாகுபடியிலும் தயாரிப்பிலும் ஈடுபடுவோரின் உடல்நலத்தைக் காக்கச் சொல்கிறது. புகையிலையை எதிர்ப்பதற்கென்றே எழுந்த உடன்படிக்கை இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பதை நோக்க வேண்டும். மாற்றுப் பயிர் வரும் நாள்வரை அந்தக் கை புண்ணாகவே இருக்கட்டும் என்பது அறமாகாது. கூலிக்கு இலை வெட்டுபவர் அதன் விலையையும் முடிவு செய்வதில்லை, விற்பனையையும் முடிவு செய்வதில்லை.

மற்றொரு மறுப்பு அப்பெண்மணியிடமிருந்தே வந்தது. அவர் சென்ற மாசியில் ஊருக்குப் புறப்பட்டபோது என் துணைவியார் ஓர் இணை ரப்பர்க் கையுறையை வாங்கிக் கொடுத்தார். அவர் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "இதப் போட்டுக்கிட்டு எல வெட்டுனா ஊரே சிரிக்குமுங்க அம்மா. வேகாத வெயில்ல கை அவிஞ்சு போயிடும்" என்றார். இரண்டுமே மெய். காற்றுப்புகாத கையுறைக்குள் வியர்த்து நனைந்த கை மேலும் புண்ணாகும். உள்ளே பருத்தி உறை வேண்டும், இடையிடையே கழற்றி உலர்த்த வேண்டும் என்று அதற்கு வழி கூறலாம். ஊர் சிரிக்கும் என்பதற்கு என்ன வழி? ஒருவர் மட்டும் அணிந்தால் சிரிப்பார்கள். எல்லாரும் அணிந்தால் சிரிக்க ஆள் இராது. புண்ணுக்குப் பெயரும் பெயருக்குப் பின்னால் ஓர் அறிவும் ஊரில் நிலைபெற்றால்தான் அது நிகழும். ஒரு வீட்டார் ஒரு கையுறையைக் கொடுத்துவிட்டு மனநிறைவு கொள்வதால் நிகழாது. இதை நான் என்னையே கடிந்துகொண்டு எழுதுகிறேன். அவர் பங்குனியில் திரும்பி வந்தபோது கைகள் முன்போலவே வெடித்திருந்தன.

செய்யத் தக்கவை

மாணவச் செல்வங்களே, திண்டுக்கல்லுக்கும் ஈரோட்டுக்கும் விடுமுறையில் செல்வோர் நம்மிடையே பலர் உள்ளனர். நாட்டார் வழக்காறுகளைத் திரட்டி வருமாறு உங்களை அனுப்புகிறோம். தாலாட்டும் விடுகதையும் கொண்டு வருகிறீர்கள். இனி நோயைக் குறிக்கும் சொற்களையும் திரட்டி வாருங்கள். இலை பறிப்போர் தம் கைப்புண்ணை என்ன சொல்லி அழைக்கிறார்கள், பனிக்காலத்து மயக்கத்தை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் அதுவே தலையாயது. அதையே மருத்துவருக்கும் அலுவலருக்கும் நாம் கற்பிப்போம். இல்லையென்றால் இலைப்புண், இலைமயக்கம் என்னும் இரு சொற்களை நான் முன்மொழிகிறேன். இவற்றினும் நல்ல சொல் கிடைத்தால் முதலில் மகிழ்பவன் நானே.

அச்சொற்களோடு சில செய்திகளை எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கலாம். இலையில் பனியோ மழைநீரோ உலரும்வரை காத்திருந்து காட்டில் இறங்குக. ஆடை நனைந்தால் உடனே மாற்றுக. முழுக்கைச் சட்டையும் கையுறையும் காலணியும் அணிக. பருத்தி உறையை உள்ளே இட்டு, நனைந்தால் மாற்றுக. வேலை முடிந்ததும், உண்பதற்கு முன்னும், சோப்பிட்டுக் கழுவுக. கழுவியபின் தேங்காய் எண்ணெயேனும் தடவித் தோலை வறளாமல் காக்க. சிறுவரையும் கருவுற்ற மகளிரையும் இவ்வேலைக்கு அனுப்பாதிருக்க. வாந்தியும் மயக்கமும் கடுமையானால் மருத்துவரிடம் செல்க. சென்றதும் முதற்சொல்லாக நான் புகையிலையில் வேலை செய்கிறேன் என்று கூறுக. இந்தக் கடைசிச் செய்தி ஒன்றே போதும், பாதி மருத்துவம் முடிந்துவிடும்.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் கல்வி நிலையங்கள் பலவும் வணிகர்களின் கொடையால் எழுந்தவை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரங்களில் தோல் தொழில் ஈட்டித் தந்த செல்வம் கல்லூரிகளாக நிமிர்ந்து நிற்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். தோல் பதனிடும் தொட்டியில் குரோமிய உப்பில் நனைந்த கைகளும் அச்செல்வத்தில் இருந்தன. அக்கைகளின் புண்ணும் இலைப்புண்ணுக்கு உடன்பிறந்ததே. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை மேடைதோறும் எடுத்துக் கூறுகிறோம். வியர்வை உலர்ந்த பின்னும் உலராமல் கசியும் புண்ணுக்கு யார் கணக்குத் தீர்ப்பது? தொழில் நடத்துவோர் ஒவ்வொருவரும் தம் பணியாளரின் உள்ளங்கையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் விரித்துக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். மருத்துவ முகாம் நடத்தும் அறக்கட்டளைகள் பதிவுச் சீட்டில் பெயர், வயது என்பவற்றுக்கு அடுத்துத் தொழில் என்று ஒரு கட்டத்தைச் சேர்க்க வேண்டும். அதற்குச் செலவு ஒரு வரி மை.

அப்பெண்மணி இன்றும் எங்கள் குடியிருப்புக்கு வருகிறார். குவளையை மணிக்கட்டால்தான் வாங்குகிறார். வரும் மார்கழிக்குள் அந்தத் தாள் அச்சாகி, அவர் கையாலேயே அவருடைய ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது என் விருப்பம். எழுதும் பணியை நம் துறை ஏற்றுக்கொள்ளுமாயின், உழவைத் தனி அதிகாரமாகப் பாடிய மொழியைக் கற்பிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியில் நமக்கும் ஒரு சிறு பங்கு கிடைக்கும்.